சின்ன ஓட்டை வழியா கேன்சர முழுசா எடுக்க முடியுமா?

சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், சுருக்கிப் போடுறேன்:

"அப்பாவுக்கு 63 வயசு டாக்டர். தோட்டத்துல 30 வருஷத்துக்கு மேல செம்பனைப் பழம் வெட்டுனவரு, இன்னமும் ஞாயித்துக்கிழமைன்னா சின்னத் தோட்டக்காரங்களுக்குப் போய் வெட்டிக் குடுப்பாரு. எட்டு மாசமா மலத்துல ரத்தம் போயிருக்கு, மூலம்னு சொல்லிட்டு கடை மருந்தா வாங்கிப் போட்டுக்கிட்டு எங்ககிட்ட மூச்சு விடல. இப்ப ஈப்போ பெரிய ஆஸ்பத்திரில ஸ்கோப் போட்டுப் பாத்து, பெருங்குடல்ல சிக்மாய்டுங்கற இடத்துல கேன்சர்னு சொல்லிட்டாங்க. சிடி ஸ்கேன்ல வேற எங்கயும் பரவல. கீஹோல்ல பண்ணலாம்னு ஸ்பெஷலிஸ்ட் சொல்றாரு. வீட்டுல தினம் சண்டை. மாமா, வயித்த நல்லாத் தொறந்து பாத்து எடுத்தாத்தான் வேரோட வரும், ஓட்டை போட்டு என்னத்த எடுக்கப் போறாங்கங்கறாரு. அத்தை, கத்தியே வைக்கக்கூடாது காத்துப் பட்டா பரவிடும்ங்கறாங்க. எங்க பெரியம்மா இரைப்பைக் கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷத்துல போயிட்டாங்க, அந்த பயம். அண்ணன் பினாங்குல பிரைவெட்ல ரோபோட் வச்சுப் பண்ணுவோம், வீட்டு மேல லோன் எடுக்கலாம்ங்கறான். அப்பா வேற எதுவும் கேக்கல, வயித்துல மலம் சேர்ற பை வைப்பாங்களான்னு மட்டும் கேக்குறாரு. வியாழக்கிழமை போகணும். கையெழுத்து போடலாமா?"

வணக்கம்மா. கையெழுத்து போடுங்க. இதை மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நீங்க எழுதுனத வச்சுப் பாத்தா வியாழக்கிழமைக்குள்ள மாமாவையும் அத்தையையும் அண்ணனையும் ஒரே பக்கம் கொண்டுவர்றது நடக்காத காரியம், அதுக்காக தேதிய தள்ளிடாதீங்க.

இப்ப மாமாவோட கேள்விக்கு வருவோம். அது முட்டாள்தனமான கேள்வி இல்ல, 30 வருஷத்துக்கு முன்னாடி எங்க சர்ஜன்களே இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆனா மாமா ஒண்ணைத் தப்பா நினைச்சிருக்காரு, கட்டிய அந்த சின்ன ஓட்டை வழியா துண்டு துண்டா இழுத்து எடுப்பாங்கன்னு. அப்படி இல்ல. வயித்துல நாலு இல்ல அஞ்சு ஓட்டை போடுவோம், ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டர்ல இருந்து 12 மில்லிமீட்டர் வரைக்கும், அது வழியா கார்பன் டை ஆக்சைடு காத்த உள்ள விட்டு வயித்த கூடாரம் மாதிரி தூக்கி வச்சுக்குவோம், ஒரு ஓட்டையில கேமரா, மத்த ஓட்டைகள்ல நீளமான கருவிங்க, எல்லாத்தையும் டிவில பாத்துப் பண்றது. குடல பிரிச்சு, ரத்தக் குழாய கட்டி, எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம் அடிவயித்துல 4 இல்ல 5 சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, வெட்டுவாயில பிளாஸ்டிக் உறை மாட்டி, கட்டியோட அந்தக் குடல் பாகத்த முழுசா ஒரே துண்டா வெளிய எடுப்போம். அந்த உறை எதுக்குன்னா கட்டி தோல்லயோ சதையிலயோ உரசக்கூடாது. ஆக கீஹோல்னு பேரே ஒழிய வெட்டு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது, மார்புக்குக் கீழ இருந்து அடிவயிறு வரைக்கும் போற வெட்டு இல்ல அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் புரியணும்னா அவரு தொழில வச்சே சொல்லுங்க. உயரமான மரத்துல பழம் வெட்டுறவரு மரத்துல ஏறுறதில்ல, கீழ நின்னுக்கிட்டு நீளக் கம்பு நுனியில அரிவாள கட்டி, கழுத்த அண்ணாந்து பாத்துக்கிட்டே மட்டைய இறக்கி குலைய அறுக்குறாரு, கீழ கை ஒரு இஞ்ச் அசைஞ்சா மேல அரிவாள் எங்கயோ போகும், புதுசா வர்ற பையனுக்கு கம்பு ஆடும், பழகுன கைக்கு ஆடாது. எங்க வேலையும் அதேதான். கருவி 30 சென்டிமீட்டருக்கு மேல நீளம், ஓட்டையில பட்டு திரும்புறதால நாம கைய இடது பக்கம் தள்ளுனா நுனி வலது பக்கம் போகும். மாமா கேக்க வேண்டியது ஓட்டை எவ்வளவுங்கறத இல்ல, கம்பு பிடிக்கிற கை யாருதுங்கறத.

இன்னொண்ணும் அப்பாவுக்கே தெரியும். குலைய வெட்டித் தள்ளிட்டு வந்தா தண்டல், அதான் மேஸ்திரி, விடுவாரா? கீழ சிதறிக் கிடக்குற உதிரிப் பழத்தையும் பொறுக்கணும், விட்டுட்டு வந்தா சம்பளத்துல பிடிப்பாங்க. கேன்சர் ஆபரேஷன்ல உதிரிங்கறது நெறிகட்டி, நிணநீர் முடிச்சுன்னு புத்தகத்துல எழுதுவாங்க. கட்டியில இருந்து கேன்சர் உயிரணு கிளம்புனா மொதல்ல போய் ஒளியுறது அங்கதான். அதனால குடல மட்டும் வெட்டுனா போதாது, அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய அடிவேர்லயே கட்டி, அதைச் சுத்தி இருக்குற கொழுப்பையும் அதுக்குள்ள இருக்குற முடிச்சுகளையும் விசிறி மாதிரி ஒண்ணா எடுத்துட்டு வரணும். பெருங்குடல்ல குறைஞ்சது 12 முடிச்சாவது லேப்ல எண்ணிப் பாக்குற அளவுக்கு வந்திருக்கணும், அதுக்குக் கீழ இருந்தா ஸ்டேஜ் சரியா சொல்ல முடியாது. வயித்தத் தொறந்து பண்ணாலும் இதே கணக்கு, கேமரா வச்சுப் பண்ணாலும் இதே கணக்கு. மாமா சொல்ற வேரு அதுதான்.

அத்தை சொல்ற காத்துக் கதைக்கு ஒரு பின்கதை இருக்கு, அதையும் சொல்லிடுறேன். ஆபரேஷன் பண்ணுனதும் சீக்கிரம் போயிட்டாங்கன்னு ஊர்ல சொல்ற ஆளுங்க முக்காவாசிப் பேரு ஏற்கனவே பரவுன நிலையில வந்தவங்க, நம்ம மலேசியாவுல பெருங்குடல் கேன்சர் பெரும்பாலும் மூணாவது நாலாவது ஸ்டேஜ்லதான் கண்டுபிடிக்கிறாங்க, வயித்தத் தொறந்தப்பதான் தெரிய வந்துச்சு, அதனால தொறந்ததாலதான் பரவுச்சுன்னு கதையாயிடுச்சு. காத்துப் பட்டு கேன்சர் பரவாது. ஆனா கீஹோல் சமாச்சாரத்துல நெசமாவே ஒரு பயம் இருந்துச்சு. பெருங்குடல கேமரா வச்சு எடுக்குறது 1990, 91 வாக்குலதான் ஆரம்பிச்சது, ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே சில பேருக்கு ஓட்டை போட்ட இடத்துலயே கேன்சர் திரும்ப முளைச்சதுன்னு ரிப்போர்ட் வர ஆரம்பிச்சுது, உலகம் பூரா சர்ஜனுங்க பயந்து, இத கேன்சருக்குப் பண்ணக்கூடாது, பரிசோதனையில நிரூபிச்சாத்தான் பண்ணலாம்னு நிறுத்தி வச்சாங்க. 

அப்புறம் அமெரிக்காவுல 48 ஆஸ்பத்திரி சேர்ந்து 872 பேர ரெண்டு கூட்டமாப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு பழைய மாதிரி, ஒரு கூட்டத்துக்கு கேமரா வச்சுன்னு பண்ணிப் பாத்தாங்க, அதுல சேரணும்னா சர்ஜன் ஏற்கனவே 20 கேசாவது கேமரால பண்ணியிருக்கணும்னு கண்டிஷன். 2004ல முடிவு வந்துச்சு. மூணு வருஷத்துல கேன்சர் திரும்ப வந்தது கேமரா பக்கம் நூத்துக்கு 16 பேரு, தொறந்து பண்ண பக்கம் நூத்துக்கு 18 பேரு, அதாவது ரெண்டும் ஒண்ணுதான். காயத்துல திரும்ப முளைச்சது ரெண்டு பக்கமும் நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல. இங்கிலாந்து, ஐரோப்பால பண்ணதுலயும் பெருங்குடலுக்கு ஏறக்குறைய இதே முடிவுதான். ஆரம்பத்துல முளைச்சதுக்கு கட்டிய முரட்டுத்தனமா கையாண்டதும், உறை போடாம இழுத்ததும் காரணமா இருக்கும்னு இப்ப பேசிக்கிறோம்.

பெரியம்மா விஷயம் வேற. இரைப்பையும் பெருங்குடலும் பக்கத்து பக்கத்து வீடு மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டு கேன்சருக்கும் குணம் வேற. இரைப்பைக் கேன்சர் நெஞ்செரிச்சல், கேஸ்ட்ரிக்னு ஏமாத்திக்கிட்டே இருக்கும், நாமளும் மாத்திரை போட்டுக்கிட்டே இருப்போம், பசி போய் உடம்பு இளைச்சு வர்றப்ப ரொம்ப தூரம் போயிருக்கும். ஜப்பான்ல 1991ல கிதானோங்கற சர்ஜன்தான் மொதல்ல கேமரா வச்சு இரைப்பைக் கேன்சர எடுத்தாரு, அங்கயும் கொரியாவுலயும் இந்தக் கேன்சர் அதிகம், அதனால எண்டோஸ்கோப்பி போட்டு வருமுன்னே தேடிப் பிடிக்கிறாங்க, சின்னதுலயே மாட்டுது. கொரியாவுல 1400 பேருக்கு மேல வச்சுப் பாத்ததுல, ஆரம்ப ஸ்டேஜ்ல எடுத்தவங்க அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது கேமரா பக்கம் நூத்துக்கு 94.2, தொறந்த பக்கம் 93.3. சீனாவுல கொஞ்சம் முத்துன கேசுகள்லயும் பண்ணிப் பாத்தாங்க, 1056 பேரு, மூணு வருஷம் நோய் திரும்பாம இருந்தது 76.5க்கு 77.8, அங்கயும் வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா இந்த எண்ணெல்லாம் வருஷத்துக்கு நூத்துக்கணக்குல இரைப்பை ஆபரேஷன் பண்ணுற கைகளோட எண்ணு. இரைப்பைய சுத்தி ரத்தக் குழாய் அதிகம், கணையம் கல்லீரல் மண்ணீரல் எல்லாத்தையும் ஒட்டிப் போய் முடிச்சு பொறுக்கணும், அதனால நம்ம பக்கம் இரைப்பைக்கு தொறந்து பண்ணுங்கன்னு ஒரு சர்ஜன் சொன்னா அவரு பழைய காலத்து ஆளுன்னு நினைச்சுடாதீங்க, தன் கை எல்லை தெரிஞ்சவரு. இரைப்பையில கேமராவுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, வெட்டுறதுக்கு முன்னாடி சும்மா உள்ள விட்டு சுத்திப் பாக்குறது, சிடில தெரியாத சின்னச் சின்னப் பரவல் வயித்துச் சவ்வுல அரிசி தூவுன மாதிரி இருக்கும், அது தெரிஞ்சா வீணா பெரிய ஆபரேஷன் பண்ணாம கீமோவுக்கு அனுப்பலாம். பெரியம்மாவுக்கு எந்த ஸ்டேஜ்னு நீங்க எழுதல. ஒரு வருஷத்துல போயிட்டாங்கன்னா நோய் ஏற்கனவே தூரம் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், அதை அப்பா மேல ஏத்திப் பாக்க வேண்டாம்மா.

சரி, கேமரால பண்ணா என்ன லாபம்? கேன்சர் நல்லா குணமாகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, அது சமம்தான். லாபம் உடம்பு தேறுறதுல. வலி குறைவு, வலி மருந்து குறைவு, குடல் சீக்கிரம் அசையும், காயத்துல சீழ் பிடிக்கிறது குறைவு. நான் சொன்ன அந்த அமெரிக்க ஆராய்ச்சில வார்டுல இருந்த நாள் 6க்கு 5, ஒரு நாள்தான் வித்தியாசம், பிரமாதமா விளம்பரம் பண்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் நேரம் கேமரால கூடத்தான் ஆகும். ஒண்ணு ரெண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், வயித்துலதானே ஆபரேஷன் தோள் ஏன் வலிக்குதுன்னு பயந்துடாதீங்க, உள்ள விட்ட காத்து நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானத்த உறுத்துறதால வர்றது, தானா போயிடும்.

எல்லாருக்கும் ஒத்துவராது அதையும் சொல்லணும். குடல் அடைச்சுப் போய் வயிறு பானையா வீங்கி வர்றவங்களுக்கு கேமராவுக்கு உள்ள இடமே இருக்காது. கட்டி பெருசாகி மூத்திரப் பையிலயோ வேற உறுப்புலயோ ஒட்டியிருந்தா பெரும்பாலும் தொறந்துதான். இதயமும் நுரையீரலும் பலவீனமா இருந்தா, காத்த அடைச்சு தலைய கீழ சாச்சு மூணு நாலு மணி நேரம் படுக்க வைக்கிறத தாங்காது. முன்னாடி வயித்துல ஆபரேஷன் ஆகியிருந்தா உள்ள குடல் ஒட்டிக் கிடக்கும். உங்க கடிதத்துல கடைசி பக்கத்துல ஒரு வரி, அப்பாவுக்கு சின்ன வயசுல தோட்டத்துல இருந்தப்ப அப்பெண்டிக்ஸ் வெடிச்சு ஆபரேஷன் ஆச்சுன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க, அதை ஸ்பெஷலிஸ்ட்கிட்ட சொன்னீங்களா? நம்ம அப்பாமாருங்க கேட்டா "ஒண்ணும் இல்ல டாக்டர்"ம்பாங்க. வெடிச்ச அப்பெண்டிக்ஸ்னா உள்ள ஒட்டல் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால கீஹோல் முடியாதுன்னு இல்ல, சர்ஜன் மொத ஓட்டைய எங்க போடுறதுன்னு யோசிச்சுப் போடுவாரு.

அங்கதான் ஃபாரத்துல இருக்குற ஒரு வரி வருது. நீங்க கையெழுத்து போடுற தாள்ல, தேவைப்பட்டா தொறந்து பண்ற ஆபரேஷனா மாத்துவோம்னு எழுதியிருக்கும். ஆபரேஷன் முடிஞ்சு வந்து அப்பா வயித்துல நீள வெட்டப் பாத்தா வீட்டுல, பாத்தியா கீஹோல்னு ஏமாத்திட்டாங்கன்னு கிளம்பிடுவாங்க. ஏமாத்தல. அமெரிக்காவுல அன்னிக்குப் பண்ணதுல நூத்துக்கு 21 பேருக்கு நடுவுல மாத்த வேண்டி வந்துச்சு, இப்ப கை பழகிட்டதால அவ்வளவு இல்ல. 

என் தப்பு ஒண்ணையும் சொல்றேன். நான் இத கத்துக்கிட்டு இருந்த காலம், 2000த்துக்குப் பிறகு, ஒரு ஆஸ்பத்திரில, இதே சிக்மாய்டு கேஸ்தான், இடது பக்கம் ஒட்டல், ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, ஸ்கிரீன் பூரா சிவப்பு, துடைச்சா ஒரு நிமிஷம் தெரியும் திரும்ப சிவப்பு. நான் விட மாட்டேன்னு நாலு மணி நேரம் நிக்கிறேன். தொறந்தா தோத்துப் போன மாதிரின்னு ஒரு வீம்பு. என் சீனியர் கதவத் தொறந்து உள்ள வந்து ஸ்கிரீனப் பாத்துட்டு மெதுவா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "இது யாருக்காகப் பண்ற?" அப்புறம்தான் தொறந்தேன், பத்து நிமிஷத்துல ரத்தம் நின்னுச்சு. அந்த ஐயா பிழைச்சாரு, ஆனா காயத்துல சீழ் பிடிச்சு ரெண்டு வாரம் வார்டுல கிடந்தாரு, தினமும் ரவுண்ட்ஸ் போறப்ப என்னப் பாத்து "தேங்க்யூ டாக்டர்"னு சொல்லுவாரு, எனக்கு எங்க முகத்த வச்சுக்குறதுன்னு தெரியல. அதனால, தேவைப்பட்டா தொறந்துடுவேன்னு வாய் விட்டு சொல்ற சர்ஜன நம்புங்க. எத்தன கேஸ் பண்ணியிருக்கீங்க, எத்தன கேஸ் நடுவுல தொறக்க வேண்டி வந்துச்சுன்னு மரியாதையாக் கேளுங்க, நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டாரு.

அப்பாவோட பை கேள்வி. அவரு இதை ஒண்ணு மட்டும் கேக்குறாருன்னா ராத்திரி தூங்காம இதத்தான் யோசிக்கிறாருன்னு அர்த்தம், அதனால தெளிவா சொல்றேன். பை வைக்கிறது பெரும்பாலும் மலக்குடல் கட்டிக்கு, அதுவும் ஆசனவாய்க்குக் கிட்ட இருந்தா. கீழ தைக்கிற தையல் ஆறணும்ங்கறதுக்காக தற்காலிகமா வச்சு சில மாசத்துல எடுத்துடுவாங்க, ரொம்ப கீழ இருந்தா நிரந்தரம். சிக்மாய்டு அதுக்கு மேல இருக்கு. நேரம் குறிச்சு நிதானமாப் பண்ற சிக்மாய்டு ஆபரேஷன்ல வெட்டுன ரெண்டு முனையையும் ஸ்டேப்லர் வச்சு அங்கயே சேத்துடுவோம், பை தேவைப்படுறது அபூர்வம். ஆனா ஒண்ணு, குடல் அடைச்சு நடுராத்திரில எமர்ஜென்சியா வந்தாருன்னா பை வைக்கிற வாய்ப்பு பல மடங்கு ஆயிடும். வீட்டுல சண்டை போட்டு நாள தள்ளுறதுதான் அப்பாவ பை பக்கம் தள்ளுதுன்னு மாமாகிட்ட சொல்லுங்க. வாந்தி, வயிறு உப்பல், காத்து கூட பிரியல, இதுல ஒண்ணு வந்தாலும் வியாழக்கிழமைக்கு காத்திருக்காம காடி எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

எங்க சொந்தத்துலயே ஒருத்தர் அப்படிப் போனாரு, சித்தப்பா முறை. கேன்சர்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் அஞ்சு மாசம் கஷாயம். நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். தீபாவளிக்கு மறுநாள் வயிறு அடைச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு கொண்டு வந்தாங்க, வயித்தத் தொறந்து, பையோட வெளிய வந்தாரு. கஷாயத்து மேல எனக்கு கோவம் இல்ல, அந்த அஞ்சு மாசத்து மேலதான். பயாப்சி, சிடி, ரத்தம் ஏத்துறதுன்னு தயாராக நாலு வாரம் ஆறு வாரம் ஆகுறதுல ஒண்ணும் கெட்டுப் போகாது, அதுக்கு மேல தானா தள்ளக்கூடாது.

ரோபோட். அண்ணன் பாசத்துல சொல்றாரு, பாசத்த குறை சொல்லல. ரோபோட் தானா ஆபரேஷன் பண்றதில்ல, சர்ஜன் ஒரு பெட்டிக்கு முன்னாடி உக்காந்து கையால இயக்குறாரு, கருவி நுனி மணிக்கட்டு மாதிரி வளையும், படம் முப்பரிமாணத்துல தெரியும், இடுப்பெலும்புக்குள்ள ஆழமா இருக்குற மலக்குடல் கட்டிக்கு அது கைக்கு சௌகரியம். ஆனா 2017ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, 471 மலக்குடல் கேசு, நடுவுல தொறக்க வேண்டி வந்தது ரோபோட்ல நூத்துக்கு 8.1, சாதா கேமரால 12.2, அந்த வித்தியாசம் தற்செயலா கூட வந்திருக்கலாம்னுதான் முடிவு. கஷ்டமான மலக்குடலுக்கே அப்படின்னா சிக்மாய்டுக்கு வீட்டு மேல லோன் எடுக்க நான் சொல்ல மாட்டேன். ஆபரேஷனோட செலவு முடியாது, கீமோ தேவைப்பட்டா அதுவும் பிரைவெட்ல காசு, பாதி வழியில காசு தீந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு திரும்பி வர்றவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி, அதாவது 5 ரிங்கிட். சில சமயம் ஸ்டேப்லர் மாதிரி சாமானுக்கு தனியா கேக்கலாம், முன்னாடியே விசாரிச்சுக்குங்க. அப்பா அரசாங்கத்தோட எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குறவரா இருந்தா, வருமானம் குறைஞ்சவங்களுக்கான பெகா பி40 திட்டத்துல கேன்சர் சிகிச்சைய முடிச்சா 1000 வெள்ளி, போக்குவரத்துக்கு தீபகற்பத்துல 500 வெள்ளி வரைக்கும் இருக்கு, ஆஸ்பத்திரியில சோசியல் வொர்க்கர் ஆபிஸ்னு ஒண்ணு இருக்கும், வெக்கப்படாம போய்க் கேளுங்க. இபிஎஃப் சேமநிதியில காசு இருந்தா கேன்சருக்கு எடுக்கலாம், ஆனா அதை வீட்டுச் செலவுக்கு வச்சுக்குங்க, அப்பா வேலைக்குப் போக முடியாத மாசங்கள் வரும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க வீட்டுல பண்ண வேண்டியது நிறைய இருக்கு, இதுக்குத்தான் உங்க வீட்டு ஆளுங்க சண்டை போடுற தெம்ப செலவு பண்ணணும். அப்பா ரோக்கோ, அதான் சிகரெட், பிடிப்பாருன்னு எழுதியிருக்கீங்க, இன்னிக்கே நிறுத்தணும், கொஞ்சம் கொஞ்சமா இல்ல. எட்டு மாசம் ரத்தம் போயிருக்கு, ரத்தத்துல எச்பி, அதாவது ஹீமோகுளோபின், 9ன்னு எழுதியிருக்கீங்க, இரும்புச்சத்து ஊசி பத்திக் கேளுங்க. இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, இருந்தா இப்ப இருந்தே கட்டுக்குள்ள வைக்கணும், தே தாரிக் கடைக்கு கொஞ்ச நாள் லீவு. தினம் காலையில அரை மணி நேரம் நடக்கட்டும். மீன், முட்டை, கோழி, பருப்பு நல்லாக் குடுங்க. ஆபரேஷனுக்குப் பிறகு முட்டை கோழி குடுத்தா புண்ணு அரிக்கும்னு அத்தை பத்தியம் போடுவாங்க, கேக்காதீங்க, புண்ணு ஆறுறதே புரதத்துலதான். ஹாருவான், அதான் விரால் மீன் சூப்பு குடுக்கணும்னு ஆசையா இருந்தா குடுங்க, அதுவும் மீன்தானே.

முன்னாடியெல்லாம் காத்துப் பிரியுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டோம், டென்மார்க்ல கெஹ்லெட்னு ஒரு சர்ஜன் 1990கள்ல அதெல்லாம் தேவையில்லன்னு காட்டுனாரு. இப்ப அன்னிக்கு சாயங்காலமே தண்ணி, மறுநாள் நடக்கணும், வலிக்குதேன்னு படுக்க வச்சு விசிறாதீங்க, எழுப்பி நடக்க வைங்க. 

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புறதுல ஒரு சிக்கலும் இருக்கு, இத நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. குடல சேத்த இடம் சில பேருக்கு கசியும், சிக்மாய்டுல நூத்துக்கு அஞ்சு பேருக்குள்ளன்னு வைங்க, அது பெரும்பாலும் மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள தெரியும். முன்னாடி பத்து நாள் வார்டுல வச்சிருந்தப்ப எங்க கண்ணு முன்னாடி நடக்கும், இப்ப அஞ்சாம் நாள் வீட்டுக்கு வந்துட்டா உங்க கண்ணு முன்னாடிதான் நடக்கும். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, வயிறு கல்லு மாதிரி ஆகுறது, நேத்து நல்லா இருந்தவரு இன்னிக்கு முகம் வாடி சாப்பாடே வேணாங்கறது, இதுல எது வந்தாலும் பக்கத்து கிளினிக்குல பனடோல் வாங்கிக் குடுத்துட்டு காலையில பாக்கலாம்னு இருக்காதீங்க. சுங்கை சிப்புட்ல இருந்து ஈப்போ அரை மணி, முக்கா மணி நேரம்தான், ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க.

ரெண்டு மூணு வாரத்துல லேப் ரிப்போர்ட் வரும். அதுல முடிச்சு எத்தன எடுத்தாங்க, எத்தனையில கேன்சர் இருந்துச்சுன்னு எழுதியிருக்கும், காப்பி கேட்டு வாங்குங்க. முடிச்சுல இருந்தா அது மூணாவது ஸ்டேஜ், கீமோ சொல்லுவாங்க, மூணு மாசத்துல இருந்து ஆறு மாசம், ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சுடணும், உடம்பு சீக்கிரம் தேறுனா கீமோவையும் சரியான நேரத்துல ஆரம்பிக்கலாம், அந்த வகையில கீஹோல் உதவும். முடிச்சு சுத்தமா இருந்தா பெரும்பாலும் கீமோ வேண்டாம், சில பேருக்கு மட்டும் யோசிப்பாங்க. 

உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒண்ணு. பெத்தவருக்கு இருந்தா பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூடுதல், 40 வயசு ஆகுறப்ப கொலோனோஸ்கோப்பி பத்தி டாக்டர்கிட்ட பேசிடுங்க. 50ல இருந்து 75 வயசுக்குள்ள தொந்தரவு எதுவும் இல்லாதவங்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ங்கற அரசாங்க கிளினிக்குல மலத்துல ரத்தம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டு இலவசம், மாமா அத்தை ரெண்டு பேரையும் அதுக்கு அனுப்புங்க, இவ்வளவு அக்கறை இருக்குறவங்க ஒரு குப்பியில மலத்த எடுத்துக் குடுக்க வெக்கப்பட மாட்டாங்கன்னு நினைக்கிறேன். மலத்துல ரத்தம் வந்தா அது மூலம்னு கடைக்காரரு சொல்றத நம்பாதீங்க, மூலமும் இருக்கும் கேன்சரும் இருக்கும், ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்து பாத்திருக்கேன். 

அப்பா எப்ப மோட்டர் சைக்கிள் ஓட்டலாம்னு கேப்பாரு. பிரேக்க திடீர்னு மிதிச்சா வயிறு வலிக்காத அளவுக்கு வந்ததும், எப்படியும் மூணு நாலு வாரம் கழிச்சு. கனமானத தூக்குறது ஆறு வாரம் கழிச்சுத்தான். பழம் வெட்டுற கம்பு இருக்கே, அது பல கிலோ, அதையும் தலைக்கு மேல தூக்கி இழுக்கிற வேலை, வயித்துச் சதை மொத்தமும் அதுலதான் இறுகும், தையல் பிதுங்கி குடலிறக்கம் வந்துடும், அதனால மூணு மாசம் அந்தக் கம்ப அவரு கண்ணுல படாத இடத்துல ஒளிச்சு வச்சுடுங்க. அப்பெண்டிக்ஸ் தழும்ப மட்டும் வியாழக்கிழமை சட்டையத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, அவரா சொல்ல மாட்டாரு.